ஆடி அமாவாசைச் சோறு

நோபல் பார்க்
08.08.2024

தம்பி விக்கிக்கு,

நீ போன் எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் நான் அழுவேன், நீ கத்துவாய், ஒரு பிரயோசனமும் இராது. ஆகவே பழையபடி பேனாவைத் தூக்கியிருக்கிறேன். கடிதத்தில் உன்னால் இடையில் புகுந்து பேச முடியாது. அது எனக்கு வசதி.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிறகு நீ சொல்லு, நான் என்ன குற்றம் செய்தேன் என்று. அன்று ஆடி அமாவாசை. அப்பாவுடைய நாள். கோயிலில் மத்தியானம் அன்னதானம். இந்த நாட்டில்தான் ஆடி நடுக்குளிர்காலமாயிற்றே. விடிந்ததிலிருந்து ஊற்றின மழையிலும் குளிரிலும் வழக்கமாக வருகிற சனத்தில் பாதிகூட வரவில்லை. கிடாரங்களில் சோறு அப்படியே மிஞ்சிக் கிடந்தது. சமையலுக்குப் பொறுப்பாக நின்ற ஹம்சா அதைக் குப்பையில் கொட்டப் போனாள். அமாவாசைச் சோற்றைக் குப்பையில் கொட்டுவதா? என் தம்பி மாட்டுப் பண்ணையில் இருக்கிறான், பசுவுக்குப் போட்டால் அது அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று நான்தான் தடுத்தேன். தயிர் வாங்குகிற பெரிய பிளாஸ்டிக் வாளிகளில் அடைத்து, மேலே பருப்புக் கறியும் ஊற்றி, கார் டிக்கியிலும் பின் சீற்றிலும் ஏற்றினோம். அத்தான் அவ்வளவு தூரமும் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டி வந்தார். உனக்குத்தான் தெரியுமே, மாடென்றால் அவருக்குப் பயம். வந்து சேர்ந்த பிறகும் காரை விட்டு இறங்கவில்லை.

வீட்டில் நீ இல்லை. கன்று போடுகிற மாடொன்றோடு கீழ் வளவில் நிற்கிறாய் என்று பக்கத்துப் பண்ணைக் கெவின் கையைக் காட்டினான். வீட்டை ஒட்டின வளவில் வயிறு தள்ளின மாடுகளும் கன்றோடு ஒன்றிரண்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. ஒரு கூரை இல்லை. நடுவில் மின்வேலி போட்டு, அந்தப் பக்கம் பச்சைப் புல் நிற்க, இந்தப் பக்கம் அதுகளைச் சேற்றை நக்க விட்டிருந்தாய். எனக்கு நெஞ்சு வெடித்துப் போயிற்று. வாளியைக் கண்டதும் அவை ஓடி வந்த வேகத்திலேயே பசி தெரிந்தது. எல்லாவற்றையும் தீன் தொட்டியில் கொட்டினேன். அவை தின்பதைப் பார்த்து, அப்பாவே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று நினைத்துக் கை கூப்பினேன்.

அப்போதுதான் நீ சேற்றுக் காலோடு ஓடி வந்தாய். கெவினுக்கு முன்னால், "காட்டுச் சனம் மாதிரி என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? போய் காரில ஏறுங்கோ" என்று கத்தினாய். தமிழில்தான் கத்தினாய். ஆனால் அவனுக்கு மொழியா வேண்டும், குரல் போதாதா? ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பி வந்தோம்.

ஊரில் எங்களுடைய வீட்டு மாடு கஞ்சியும் சோறும் தின்றுதானே பால் தந்தது? எந்த மாடு செத்தது? எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இத்தனை வயதில் என்னை ஒருவரும் காட்டுச் சனம் என்று சொன்னதில்லை. பதில் எழுது.

அக்கா
தாட்சாயினி


லியொங்காதா
17.08.2024

அன்புள்ள அக்கா,

எந்த மாடு செத்தது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று மாடுகள்.

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

ஊரில் எங்களிடம் இருந்தது ஒரு மாடு. கன்றாக இருந்த நாளிலிருந்து அதற்குத் தினமும் ஒரு சட்டி கஞ்சி. அதன் வயிறு அதற்குப் பழகியிருந்தது. இங்கே இவை சோற்றைக் கண்டதே இல்லை. குளிர்காலம் முழுவதும் புல்லும் உலர்புல்லும்தான். திடீரென்று அவ்வளவு சோறு போனால் வயிற்றுக்குள் புளித்து அமிலமாகிவிடும். அது இரத்தத்தில் ஏறும். பலமுள்ள மாடுகள் மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டு அவைதான் கூடத் தின்றன. திங்கட்கிழமை மத்தியானம் நாலு மாடுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. பின்னேரம் விழுந்தன. மாட்டு டாக்டர் வந்து, வாய்க்குள்ளால் குழாய் விட்டு அப்பச்சோடா கரைத்து ஊற்றினார். ஒன்று தப்பியது. செத்ததில் இரண்டு வயிற்றில் கன்றோடு போயின. மற்றது கன்று போட்டு ஒரு கிழமைதான். அந்தக் கன்றுக்கு நான் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கிறேன்.

நான் மாடுகளைப் பட்டினி போடவில்லை அக்கா. குளிரில் புல் மெதுவாகத்தான் வளரும். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஒரு கிழமையில் மிதித்துச் சேறாக்கிவிடும். பிறகு ஒன்றும் மிஞ்சாது. அதனால் மின்வேலியை நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறேன். குறைக்கு உலர்புல். குளிர் கூடின நாளில் அதைக் கூட்டிப் போடுவேன். அது வயிற்றில் செமிக்கிறபோது எழும்புகிற சூடுதான் மாட்டுக்குப் போர்வை. கன்று போட்ட மாடு நடுங்கி விழாமல் இருக்க உலர்புல்லின் மேல் மக்னீசியத் தூள் தூவுகிறேன். காற்றுக்கு மறைப்பாக மரவரிசை இருக்கிறது. கூரை தேவையில்லை. வாளியைக் கண்டால் இவை எப்போதும் ஓடி வரும். வெறும் வாளி என்றாலும் வரும்.

டாக்டர் ஒரு மாட்டின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன தானியம் தின்றது என்று கேட்டார். தானியக் கொட்டிலைப் பூட்ட மறந்துவிட்டேன், உள்ளே போய் பார்லி தின்றுவிட்டன என்று சொன்னேன். டோரதிக்கும் அதையே சொன்னேன். பண்ணை அவருடையது என்பது உங்களுக்குத் தெரியும். புருஷன் செத்த பிறகு என்னை நம்பித்தான் நடத்துகிறார். இந்த செப்டெம்பரில் பண்ணையை எனக்குக் குத்தகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பதினொரு குளிர்காலம் நான் இந்தச் சேற்றில் நின்றது அதற்காகத்தான். இப்போது அவர் அந்தப் பேச்சையே எடுக்கிறார் இல்லை.

கவனமில்லாத மனேச்சர் என்ற பெயரை என்னால் தாங்க முடியும். செத்துப்போன தகப்பனுக்காக மாட்டுக்குச் சோறு போடுகிற ஆட்கள் நாங்கள் என்று டோரதியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்த என்னால் முடியாது. ஆகவே சோற்றுக் கதையை எங்கேயும் எடுக்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வரவும் வேண்டாம்.

கத்தியது பிழை. அந்த வார்த்தையும் பிழை.

விக்னராஜா


நோபல் பார்க்
24.08.2024

தம்பி,

உன் கடிதத்தைக் குசினியில் நின்றுகொண்டு பிரித்தேன். இரண்டாவது வசனத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று பசு. அதில் இரண்டு வயிற்றில் கன்றோடு. அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு என் கையாலேயே செய்திருக்கிறேன். அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. ஹம்சா போன் பண்ணி, மாடுகள் ஆசையாய்ச் சாப்பிட்டதோ என்று கேட்டாள். ஓம், நல்லாச் சாப்பிட்டது என்று சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த வருஷமும் மிஞ்சினதை உன் தம்பியிடம் கொடுத்துவிடுவோம் என்கிறாள் அந்த மனுஷி. அடுப்பில் கறி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அத்தான் தன் பங்குக்கு, மாடு ஆபத்தான பிராணி என்று தான் முதலே சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை முதல் வாசித்தபோது, என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறாய் என்று நினைத்து அழுதேன். இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் விளங்கியது. நீ என்னை மறைத்திருக்கிறாய். வெள்ளைக்காரருக்கு முன்னால் உன் தமக்கையை, தகப்பனை, கோயிலை எல்லாம் ஒரு பார்லி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறாய். மாடு செத்தது என்னால் என்பதில் எனக்கு வெட்கம். நீ வெட்கப்படுவது வேறு எதற்கோ.

வாய் திறந்துவிட்டேன், மற்றதையும் கேட்கிறேன். நீ அந்தப் பண்ணைக்குப் போன நாளிலிருந்து ஒரு ஆடி அமாவாசைக்காவது கோயிலுக்கு வந்தாயா? ஐயர் ஒவ்வொரு வருஷமும், "மகன் வரேல்லையோ அம்மா" என்று கேட்கிறார். மாடுகள் கன்று போடுகிற காலம் என்று நானும் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போயிற்று. மகன் இருக்க, மகள் நான் வாளி தூக்கிக்கொண்டு ஏன் வந்தேன் என்று நினைக்கிறாய்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் குத்தகை என் சோற்றால் கெடக்கூடாது. நான் டோரதியிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருஷம் வேலை செய்தவள் நான். என் ஆங்கிலம் போதும்.

அக்கா


லியொங்காதா
31.08.2024

அக்கா,

போக வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. அன்று நீங்கள் போன பிறகு, என்ன கொட்டினார்கள் என்று கெவின் கேட்டான். தவிடு என்றேன். போன கிழமை டோரதி வந்தார். தானியக் கொட்டிலில் நான் புதுச் சங்கிலி போட்டிருக்கிறேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்ப விட்டார், காரில் ஏறிப் போய்விட்டார். இந்த நேரத்தில் நீங்கள் போய் வேறு கதை சொன்னால் நான் கவனமில்லாதவன் என்பதோடு பொய்யன் என்றும் ஆகிவிடும்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நிற்பீர்கள்.

நான் பால் பண்ணை நடத்துகிறேன் என்று கோயிலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் முதலில் அப்படிச் சொன்னேன். நீங்களும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறீர்கள். அக்கா, இங்கே நான் ஒரு மாட்டிலும் பால் கறப்பதில்லை. பால் கன்றுக்கு மட்டும்தான். இவை இறைச்சி மாடுகள். கன்றுகளைக் குளிரில் உடம்பு இறங்காமல் பார்த்து வளர்க்கிறேன். பூச்சி மருந்து கொடுக்கிறேன். கால் அழுகாமல் சேற்றை விட்டு மேட்டுக்கு ஓட்டுகிறேன். ஒன்று மேயாமல் தனியே நின்றால் எனக்கு வேலை ஓடாது. அப்படி வளர்த்து, எடை வந்ததும் லொறியில் ஏற்றுகிறேன். அடிக்காமல், அதட்டாமல் ஏற்றுவேன். என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அந்தக் கையால் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க எனக்கு வெட்கம். முதல் வருஷம் வெளிக்கிட்டு வந்தேன். கோயில் கார் பார்க் வரைக்கும் வந்து, திரும்பிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு மாடு கன்று போடுகிறது என்று சொல்வது சுகமாக இருந்தது. கன்று போடுவது பொய் இல்லைத்தானே.

உங்களைக் காட்டுச் சனம் என்று சொன்னவன் எப்படிப்பட்டவன் என்று இப்போது தெரியும். கோயிலில் சொல்வதென்றால் சொல்லுங்கள். டோரதியிடம் மட்டும் போக வேண்டாம்.

தாயில்லாக் கன்று சுகமாக இருக்கிறது. என் காற்சட்டையைப் பிடித்துச் சப்புகிறது.

விக்னராஜா


நோபல் பார்க்
09.09.2024

தம்பி,

போனேன். கோபித்தால் கோபி.

உன் வளவுப் பக்கம் வரவில்லை. நேரே டோரதியின் வீட்டுக்கே போனோம். அவருடைய வாசலிலும் இரண்டு மாடுகள் நின்றதால் அத்தான் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. நான் தனியாகத்தான் உள்ளே போனேன். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி போட்டார். நான் கோப்பையைத் தொடாமல், வந்த காரியத்தைச் சொன்னேன். பார்லி இல்லை, சோறு. கதவு திறந்து கிடக்கவில்லை, நான் கொண்டு வந்து கொட்டினேன். என் தம்பிக்குத் தெரியாமல் கொட்டினேன் என்றேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் என்னைத் தடுக்கவில்லை. முடித்த பிறகு, தனக்குத் தெரியும் என்றார்.

முதல் நாளே தெரியுமாம் தம்பி. டாக்டர் வயிற்றைத் திறந்தபோது உள்ளே அவிந்த சோறும் கறிவேப்பிலையும் கிடந்திருக்கிறது. பார்லிக்குள் கறிவேப்பிலை எங்கிருந்து வந்தது என்று டாக்டர் அன்றைக்கே டோரதிக்குப் போன் பண்ணிக் கேட்டாராம். கெவினும் வாளிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். இவ்வளவு நாளும் உன் பொய் உனக்கு மட்டும்தான் மூடியிருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது, என் வெட்கத்தை விட உன் வெட்கத்தை நினைத்துத்தான் நிலத்தைப் பார்த்தேன்.

மூன்று மாடுகளைப் பற்றி அந்த மனுஷி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குளிர்காலத்தில் மாடு சாகும், புருஷன் இருந்த காலத்திலும் செத்திருக்கிறது என்றார். "ஆனால் உன் தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருநாளும் திறந்து கிடக்காத கதவுக்குப் புதுச் சங்கிலி போட்டான். நான் ஒவ்வொரு முறை வருகிறபோதும் இன்றைக்குச் சொல்லுவான் என்று காத்திருந்தேன்" என்றார். குத்தகைப் பேச்சை அவர் எடுக்காதது அதனால்தான்.

பிறகு, ஏன் அவ்வளவு சோறு கொண்டுவந்தாய் என்று கேட்டார். உனக்குச் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். உனக்கும் எழுதிவிடுகிறேன். அவை வெட்டுக்குப் போகிற மாடுகள் என்று எனக்குக் கன காலமாகத் தெரியும். பால் பண்ணைக்காரன் இத்தனை வருஷத்தில் தமக்கைக்கு ஒரு போத்தல் பால் கொண்டுவரவில்லை. நான் என்ன, அவ்வளவு மடைச்சியா? தெரிந்துகொண்டுதான் கோயிலில் பால் பண்ணை என்று சொல்லித் திரிந்தேன். எனக்கும் வெட்கம்தான், விக்கி. உன் தொழிலுக்கு வெட்கப்பட்டுவிட்டு, நீ எனக்கு வெட்கப்பட்டாய் என்று உனக்கே கடிதம் எழுதினேன். அன்றைக்கு அந்தச் சோற்றைப் பார்த்தபோது, போகப் போகிறதுகள் ஒரு நாளாவது வயிறு நிறையத் தின்னட்டும், அந்தப் புண்ணியம் என் தம்பிக்குப் போகட்டும் என்று நினைத்தேன். அதுதான் ஒரு வாளியோடு நிறுத்தவில்லை.

டோரதி தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், நான் சோறு போட்டது தாய் மாடுகளுக்காம். அவை எங்கேயும் போகிறவை இல்லையாம். வருஷா வருஷம் கன்று போட்டுக்கொண்டு அங்கேயே நிற்பவையாம். நிற்க வேண்டியவைகளைத்தான் நான் அனுப்பிவைத்திருக்கிறேன்.

நீ நேரில் வந்து உன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். போ. சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ.

அந்தத் தாயில்லாக் கன்று பசுக்கன்றுதானே? அது நிற்கும்தானே? அதை மட்டும் எழுது.

அக்கா


லியொங்காதா
15.09.2024

அன்புள்ள அக்கா,

போனேன். சங்கிலியையும் கொண்டு போனேன்.

வழி முழுக்க ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் அந்தக் குசினியில் மறந்துவிட்டது. சோறு என்றேன், அக்கா என்றேன், அப்பா என்றேன். கேட்கிற அவருக்கு எல்லாம் முதலே தெரியும் என்பதுதான் பெரிய தண்டனை. அமாவாசை என்றால் என்ன என்று கேட்டார். விளங்கப்படுத்தினேன். முடியாது என்று உங்களுக்கு எழுதியிருந்தேனே, அதைத்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் சிரிக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்துதான் பொய்க்கு மேல் பொய் சொன்னேன் என்று நினைத்தபோது, எழும்பி வெளியே போய்விடலாம் போல இருந்தது.

குத்தகை இந்த வருஷம் இல்லை. இன்னொரு குளிர்காலம் பார்ப்போம் என்றார். நான் ஓம் என்றேன். அதில் எனக்குக் குறை இல்லை. வாயாடிக் கேட்க எனக்கு வாயும் இல்லை. கெவினிடம் போய்த் தவிட்டுக் கதையையும் திருத்திவிட்டு வந்தேன்.

மாடுகள் தேறி வருகின்றன. புல் எழும்பத் தொடங்கிவிட்டது. மின்வேலியை இப்போது கூடுதலாகத் தள்ளி வைக்கிறேன். தப்பின மாடு முந்தநாள் கன்று போட்டது. நோஞ்சான் கன்று, ஆனால் எழும்பிக் குடித்துவிட்டது.

எனக்குப் புண்ணியம் போகட்டும் என்று நீங்கள் எழுதின இடத்தை ஒரு தரம்தான் வாசித்தேன். திரும்ப வாசிக்க என்னால் முடியவில்லை. வருகிற ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து கோயிலுக்கு வருவேன். கார் பார்க்கோடு திரும்பமாட்டேன். ஐயர் என்ன தொழில் என்று கேட்டால் இறைச்சி மாடு வளர்க்கிறேன் என்று நானே சொல்லுவேன். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பிறகு மூன்று பேருமாக இங்கே வருவோம். வாளி வேண்டாம். உங்கள் கையால் ஒரு பிடி உலர்புல் போடுங்கள், அது போதும். அத்தான் காருக்குள்ளேயே இருக்கட்டும்.

கன்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பசுக்கன்று என்று எழுதிவிடலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். அது நாம்பன் கன்று அக்கா. இப்போது என் குரல் கேட்டால் வேலியடிக்கு ஓடி வருகிறது. வருகிற ஆடி அமாவாசைக்கு இங்கே நிற்கும். அதற்கு அடுத்த ஆடி அமாவாசைக்கு நிற்காது. லொறியில் நான்தான் ஏற்றுவேன்.

அது தெரிந்துகொண்டு வருவதென்றால் வாருங்கள்.

தம்பி
விக்கி